வெதுவெதுப்பான வெள்ளிக்கிழமை

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் உங்களோடு போனில் பேசினால் எனக்குத் தொண்டை கட்டுகிறது, மாடி வீட்டுக்காரர்களுக்குச் செய்தி கிடைக்கிறது, உங்களுக்கு மட்டும் எதுவும் கேட்பதில்லை. அதனால் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் உடம்பு மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். பலகைதான் மோசம்.

விஷயம் இதுதான். நான் நீந்தப் போகிறேன். போகப்போகிறேன் இல்லை, ஒரு மாதமாகப் போய்க்கொண்டே இருக்கிறேன். விளையாட்டு வளாகத்தில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் பெண்களுக்கு. என்னைப்போல நடக்கச் சிரமப்படுகிறவர்கள் இறங்கினால் கரையில் துணைக்கு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா வருகிறார். துணி தைக்காத நேரம் எல்லாம் அவருக்கு வீண், இருந்தாலும் எனக்காக வருகிறார்.

எனக்கு எம்.எஸ். என்கிற இந்த நரம்பு நோய் வந்தபோது டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார், நினைவிருக்கிறதா? நரம்புகளின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகிறது, மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேருவதில்லை என்று. உங்கள் பிள்ளை லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, 'ஒயர் இன்சுலேஷன் போச்சுப்பா' என்று உங்களிடம் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒயர் தண்ணீருக்குள்ளும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கால் கனமாக இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் இறங்குவேன். இடுப்புவரை தண்ணீர் வந்ததும் யாரோ பின்னாலிருந்து என்னைத் தூக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். மார்புவரை வந்ததும் கைப்பிடியை விட்டுவிடுவேன். விட்டுவிடுவேன், மாமா! வீட்டில் நான் எதையும் பிடிக்காமல் நின்று எத்தனை காலம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே தொல்லை குளிர். உள்ளே காலை வைத்ததும் பல் கிடுகிடுக்கும். தையல்காரம்மா கரையில் இருந்தபடியே எனக்காக 'அய்யோ' போடுவார்.

உங்கள் பிள்ளைக்கு இது தெரியும். பிடிக்கவில்லை, ஆனால் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். கவலைப்படாதீர்கள் என்று எழுத மாட்டேன், எழுதினால் கூடுதலாகக் கவலைப்படுவீர்கள்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 11

என் அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது பயந்தேன். இரண்டாவது முறை படித்தபோது மகிழ்ந்தேன். மூன்றாவது முறை படிக்காமல் இருந்திருக்கலாம், மறுபடியும் பயந்துவிட்டேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். வானிலை நிலையத்தில் காற்றையும் மழையையும் குறித்துக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். நாளை என்ன ஆகுமோ என்று கவலைப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்துவருகிறேன். ஆகவே நான் கேட்கும் கேள்விகளைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே.

சாய்தளம் சொரசொரப்பானதா, வழவழப்பானதா? நீ கைப்பிடியை விட்டபின் மறுபடியும் அது கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறாயா? தையல்காரம்மாவுக்கு நீச்சல் தெரியுமா? தெரியாது என்றால், அவர் அங்கே உட்கார்ந்திருப்பதன் பயன் என்ன? இதைக் கேட்பது தவறு என்றால் மன்னித்துவிடு. உடை மாற்றும் அறையில் தரை ஈரமாக இருக்குமே, அங்கே என்ன செய்கிறாய்?

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குளிர் என்னை உறுத்துகிறது. எனக்குக் காலையில் குழாய்த் தண்ணீரில் கை கழுவினாலே விரல் விறைத்துப்போகிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால்தான் படி இறங்க முடிகிறது. எனக்கே இப்படி என்றால், நரம்பிலேயே கோளாறு உள்ள உனக்கு அந்தக் குளிர் எப்படி ஆகும்? குளத்து நீரை வெதுவெதுப்பாக வைக்க அவர்களிடம் வசதி இல்லையா? டாக்டரிடம் இதைக் கேட்டாயா?

அறிவுரை சொல்வதாக நினைக்காதே. அந்தத் தகுதி எனக்கு இல்லை. என் வாழ்நாளில் நான் மழையில் நனைந்ததைத் தவிர எந்த நீரிலும் இறங்கியவன் அல்ல.

அன்புடன்,
மாமா

*

பிப்ரவரி 20

மாமாவுக்கு,

உங்கள் கேள்வித்தாள் வந்தது. விடைகள்:

சொரசொரப்பு. எட்டாது, ஆனால் தண்ணீர் இருக்கிறது. தையல்காரம்மாவுக்கு நீச்சல் தெரியாது, ஆனால் அவர் கத்தினால் பக்கத்து ஊருக்குக் கேட்கும். நீந்திக் காப்பாற்ற லைஃப்கார்ட் ஒருத்தி இருக்கிறாள். நாங்கள் வைத்த பேர் விசிலக்கா. யார் ஓடினாலும் விசில், யார் குதித்தாலும் விசில். நான் கரையில் மெதுவாக நடந்து வருவதைப் பார்த்து ஒருநாள், 'உங்களைப் பாத்தாதான் என் வாய்க்கு ரெஸ்ட்டு' என்றாள். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தபடியே மாற்றிக்கொள்கிறேன், அரை மணி நேரம் ஆகும். குளிரைப் பற்றி நீங்கள் எழுதியது மட்டும் ஒரு பக்கம். அதற்கு விடை: ஆமாம், குளிர்கிறது. நடுங்கிக்கொண்டே இறங்குகிறேன். அடுத்த கேள்வி?

மதிப்பெண் போட்டு அனுப்புங்கள்.

உங்கள் பிள்ளையும் நீங்களும் ஒரே அச்சு. அவர் நாள் முழுக்க லிஃப்டுக்கு மேலே நின்று கம்பிக்கயிற்றைப் பார்ப்பவர். அவர் கண்ணுக்கு எல்லாமே அறுந்து விழப்போகிற ஒன்றுதான். வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள்.

'இன்னிக்கு நீச்சல் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க' என்றேன்.

'கால் வலிக்குதா?'

'வலிக்கலை.'

'எங்கயாச்சும் வழுக்கிச்சா?'

'வழுக்கலை.'

'அப்புறம் ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?'

'சந்தோஷமா இருக்கேங்க! பாத்து ரொம்ப நாளாச்சுல்ல, அதான் அடையாளம் தெரியல.'

சிரித்தார். சிரித்துவிட்டு உடனே ஒரு நிபந்தனை போட்டார். 'ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா அதோட விட்டுடணும். சரியா?' சரி என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். வேறு வழி இல்லை. குளம்வரை என்னைக் கொண்டுபோய் விடுவது அவர்தானே.

விளையாட்டாகவே எழுதிக்கொண்டு போகிறேன், ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் வந்ததிலிருந்து எனக்குப் பிடித்தவை ஒவ்வொன்றாகக் கழன்று போயின. ஆபீஸ் மாடிப்படி போனது, இப்போது வீட்டு வரைபடங்களை வீட்டிலேயே உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறேன். கடைத்தெரு போனது. பஸ் போனது. போனது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. புதிதாக வந்தது இது ஒன்றுதான்.

வெயில் காலம் வந்ததும் இங்கேயே வந்து எங்களோடு இருப்பதாகச் சொன்னீர்களே, அவர் உங்களுக்காக அறையில் வெள்ளை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மருமகள்

*

மார்ச் 2

என் அன்பு மருமகளுக்கு,

உன் விடைகளுக்கு முழு மதிப்பெண். குளிர் பற்றிய விடைக்கு மட்டும் பாதிதான் போட்டேன்.

இப்போது நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். செய்யும்போது பயம்தான். இருந்தாலும் உனக்குச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் தம்பி உங்கள் விளையாட்டு வளாகத்தில் பராமரிப்புப் பொறியாளர் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். நான் யாரிடமும் சிபாரிசு கேட்டவன் அல்ல. உன் கணவனின் முதல் வேலைக்குக்கூட வாய் திறக்கவில்லை, அவனுக்கு அதில் இன்னும் வருத்தம். ஆனால் நீ நடுங்கிக்கொண்டே இறங்குவதாக எழுதியது மனதைவிட்டுப் போகவில்லை. பஸ் ஏறி நண்பர் வீட்டுக்குப் போனேன். தம்பியும் அங்கே இருந்தார். டீ கொடுத்தார்கள். பென்ஷன், கண் ஆபரேஷன், அவர்கள் வீட்டுக் கசியும் கூரை என்று எல்லாவற்றையும் பேசினோம். வந்த காரியத்தை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. விடைபெற்று, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபிறகுதான் வாய் வந்தது.

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. குளத்துக்கு ஹீட்டர் இருக்கிறதாம். போட்டிகள் நடக்கும்போது மட்டும் போடுவார்களாம், மற்ற நாட்களில் சும்மாதான் கிடக்கிறதாம். 'இது என்ன சார் பெரிய விஷயம், பொம்பளைங்க வர்ற நாள்ல போட்டு விட்டாப் போச்சு' என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நானும் ஒரு மனிதருக்கு உபயோகமாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் என்று சொல்லியிருக்கிறார். உன் கணவனிடம் நான் சொல்லவில்லை. நீ இறங்கும்போது உனக்கே தெரியும்.

அன்புடன்,
மாமா

*

மார்ச் 6

மாமாவுக்கு,

எழுத்து இந்தத் தடவை பலகையால் கோணவில்லை. எப்படியோ எழுதி முடித்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. காலை வைத்ததும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இதுவரை ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. எல்லோருக்கும் ஒரே குஷி. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது. சூடு எனக்கு ஆகாது, மாமா. காய்ச்சல் வந்தால், வெயிலில் நின்றால், வெந்நீரில் குளித்தால் அந்த உறை போன நரம்பு வேலையை நிறுத்திவிடும். உடம்பு ஆறினால் தானாகச் சரியாகும். வீட்டில் நான் வெந்நீரில் குளிப்பதே இல்லை. ஆனால் நடுங்காமல் இறங்கியது அவ்வளவு சுகமாக இருந்தது. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று போய்க்கொண்டே இருந்தேன்.

ஒரு சுற்றின் நடுவில் கால் இல்லாமல் போய்விட்டது. பிறகு கண் மங்கியது, கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கையை நீட்டினேன். கரையோரக் கம்பி கையில் பட்டது, விரல் மூடவில்லை. தொட்டுக்கொண்டிருக்கிற கம்பியைப் பிடிக்க முடியவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், தண்ணீர்தான் உள்ளே போனது. தையல்காரம்மா போனில் யாருக்கோ சட்டை அளவு குறித்துக்கொண்டிருந்திருக்கிறார். விசிலக்கா போட்டிருந்த ஷூவோடு குதித்து என்னை இழுத்து வந்தாள்.

அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்தார். டாக்சியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து என் நீச்சல் உடையைத் தானே அலசிக் காயப்போட்டார். அதற்குப் பிறகுதான், 'போதும்' என்றார்.

சாயங்காலத்துக்குள் கண் தெளிந்துவிட்டது. இன்று காலை கையும் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் அவர் நம்புவது வேறு. நோய் முற்றிக்கொண்டு வருகிறது, இனி இப்படி அடிக்கடி வரும் என்று முடிவு கட்டிவிட்டார். 'வெந்நீருங்க, அதனாலதான்' என்றேன். 'அந்தக் குளத்துல என்னிக்கு வெந்நீர் இருந்திருக்கு? நீயே சாக்கு சொல்லாத' என்கிறார். தையல்காரம்மா தண்ணீரைத் தொட்டவரே இல்லை, சாட்சிக்கு ஆகமாட்டார். விசிலக்கா குதித்த அவசரத்தில் சூட்டைக் கவனிக்கவில்லையாம். வளாக ஆபீசில் கேட்டால் ஹீட்டர் போட்டது யாருக்கும் தெரியவில்லையாம், இன்று தண்ணீர் பழையபடி ஜில்லென்று இருக்கிறதாம்.

கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் அந்தக் குளம் போய்விட்டால் எனக்கு இந்த நாலு சுவர்தான், மாமா. எந்தப் புத்திசாலி அன்றைக்குப் பார்த்து ஹீட்டரைப் போட்டான் என்று தெரிந்தால் இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்துவேன்.

நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பார். ஒரு வரி எழுதுங்கள்.

மருமகள்

*

மார்ச் 8

மாமாவுக்கு,

2ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் இன்றுதான் வந்தது.

நல்லது நினைத்துச் செய்தீர்கள். அதை நான் சொல்லாவிட்டால் நீங்கள் ராத்திரி தூங்க மாட்டீர்கள் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன். இனி என் கோபம்.

என் உடம்பு, மாமா. நான் இறங்குகிற தண்ணீர். ஊரில் எல்லோரையும் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் நண்பரை, அவர் தம்பியை. என்னை மட்டும் கேட்கவில்லை. கேட்டேனே என்பீர்கள். ஆமாம், கேட்டீர்கள், ஒரு பக்கம் கேட்டீர்கள், நான் ஒரு வரியில் கேலி செய்தேன். குளிர்தான் எனக்கு நல்லது என்று எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். அதனால் கோபத்தில் கொஞ்சம் என்மேலும் இருக்கிறது. ஆனால் உங்கள் பங்குதான் பெரிது.

அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நோய் முற்றவில்லை என்று அவருக்குப் புரியும், எனக்குக் குளம் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் உங்களுக்காக வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிற அறையில் அவர் பிரஷைக் கீழே வைத்துவிடுவார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் என் வாயால் அது நடக்க வேண்டாம். சொல்வதானால் நீங்கள் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் அப்புறம் உங்களுக்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத எனக்கு விஷயம் இருக்காது.

மருமகள்

*

மார்ச் 14

மருமகளுக்கு,

இதற்கு முன் எழுதிய நான்கைந்து கடிதங்களைக் கிழித்துவிட்டேன். ஒன்றில் காரணம் சொல்லியிருந்தேன். இன்னொன்றில் அழுதிருந்தேன். எதுவும் உனக்கு அனுப்பத் தக்கதாக இல்லை.

வெப்பத்தை அளப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். காலையும் மாலையும் பாதரசத்தைப் பார்த்து எழுதியவன். என் முழங்காலுக்கு எது இதமோ அதுவே உன் நரம்புக்கும் இதம் என்று எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. நீ கம்பியைத் தொட்டும் பிடிக்க முடியாமல் இருந்த அந்த நேரத்தில், நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து, இந்நேரம் அவள் இறங்கியிருப்பாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மகனுக்கு எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் எழுதினால் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனாலேயே அது சரியல்ல என்று தோன்றியது. அவனிடம் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியுமா? அவன் சத்தம் போட்டால் எனக்குக் கேட்காது. பேசாமல் இருப்பான் பார், அதுதான் எனக்கு நன்றாகக் கேட்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வருவதாக உனக்கு எழுதிவிட்டால் பிறகு வராமல் இருக்க முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வந்து சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். அறையைப் பற்றி அவன் என்ன முடிவு செய்தாலும் சரி. நீ குளத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். பயத்தில் பாதி வழியில் இறங்கிவிடாமல் இருக்க வேண்டும்.

மாமா

*

மார்ச் 27

மாமாவுக்கு,

வந்தீர்கள், சொன்னீர்கள், விடிவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். உங்களை அவர் விரட்டவில்லையே! அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மொட்டை மாடிக்குப் போனதை நீங்களே தீர்ப்பாக எடுத்துக்கொண்டீர்கள். காலையில் அவர் உங்களுக்கும் சேர்த்து மூன்று கப் காபி போட்டுக்கொண்டு அறைக்குப் போனார். கட்டில் காலி. மூன்றாவது கப்பை யார் குடிப்பது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் நாலு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், இருந்தும் அவர் பேசாமல் இருப்பது பற்றி நீங்கள் எழுதியது புரிந்தது. ஐந்தாவது நாள் வேலைக்குப் போகாமல் நேரே வளாகத்துக்குப் போயிருக்கிறார். பொறியாளரைக் கூட்டிக்கொண்டு மோட்டார் அறைக்குள் இறங்கி, பம்பு, ஹீட்டர், ஒயர் எல்லாவற்றையும் லிஃப்டைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறார். குளத்தில் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தாராம். விசிலக்கா, 'சார், பொம்பளைங்க நேரம், வெளிய நில்லுங்க' என்று விசில் ஊதினாளாம்.

வீட்டுக்கு வந்து, 'ஹீட்டருக்குப் பூட்டு போட்டாச்சு' என்றார்.

'அப்ப நான் போகலாமா?'

'தையல்காரம்மா வேணாம். நம்ம வீட்டு ஆளா ஒருத்தர் உக்காரணும். போன் பேசாம, புக்கு படிக்காம, உன்னை மட்டும் பாத்துக்கிட்டு.'

'உங்களுக்கு வேலை இருக்கே. வேற யாரு இருக்காங்க?'

சுவரைப் பார்த்தபடி சொன்னார். 'அப்பா வரட்டும். அவர்தானே செஞ்சாரு. அவரே உக்காந்து பாக்கட்டும்.'

அது கோபமா மன்னிப்பா என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் சாயங்காலம் மறுபடியும் பிரஷை எடுத்துவிட்டார். ஜன்னல் பக்கச் சுவர் மட்டும் பாக்கி.

ஆக, இப்போது நான் நீந்துவதும் நீந்தாததும் உங்கள் கையில். வருவீர்களா?

மருமகள்

*

ஏப்ரல் 3

என் அன்பு மருமகளுக்கு,

அவன் அப்படிச் சொன்னான் என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் நிதானமாக யோசித்துப் பார். கரையில் உட்காருகிறவருக்கு நீச்சல் தெரியாவிட்டாலும் குறைந்தபட்சம் காது கேட்க வேண்டாமா? நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. ஒரு முறை நல்லது செய்கிறேன் என்று உன்னை மூழ்கடிக்கப் பார்த்தவன், இரண்டாம் முறை சும்மா உட்கார்ந்தே அதைச் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மேலும் அது பெண்களுக்கான நேரம். கிழவன் ஒருவன் அங்கே எப்படி உட்காருவான்?

வேறு யாராவது நம்பகமானவர் கிடைப்பார்களா என்று பார். கிடைக்காவிட்டால் எழுது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் தகுதியானவன்தானா என்று கேட்கிறேன்.

மாமா

*

ஏப்ரல் 7

மாமாவுக்கு,

புதன்கிழமை காலையில் எல்லோருக்கும் பொது நேரம். விசாரித்துவிட்டேன்.

உங்கள் காது பற்றி விசிலக்காவிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'முழுகுறவங்க யாரும் கூப்பிட மாட்டாங்கக்கா. வாயில தண்ணி இருக்கும்போது எப்படிக் கூப்பிடுறது? காதை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களாலதான் ஆபத்தே. கண்ணு நல்லாத் தெரியுமா அவருக்கு?'

வாழ்க்கை முழுக்க மேகத்தை அண்ணாந்து பார்த்தவர் என்றேன்.

'அப்ப வரச் சொல்லுங்க' என்றாள்.

மருமகள்

*

ஏப்ரல் 21, குளக்கரை

என் அன்பு மருமகளுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நேரில் நாம் பேசுவதெல்லாம் 'காபி வேணுமா மாமா', 'வேண்டாம்மா' என்பதோடு முடிந்துவிடுகிறது. இதை என்னால் வாயால் சொல்ல முடியாது. அதிலும் கத்திச் சொல்ல முடியாது.

நீ இப்போது உடை மாற்றும் அறையில் இருக்கிறாய். வெளியே வர நேரமாகும். நீ நீரில் இருந்தவரை நான் பேனாவைத் தொடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ இறங்குவதற்கு முன் குனிந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். விரல் விறைத்தது. என் வாழ்க்கையில் குளிர் எனக்கு அவ்வளவு நிம்மதி கொடுத்ததில்லை. நீ கைப்பிடியை விட்ட கணத்தில் நான் என் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் உள்ளங்கையில் அந்தத் தடம் இருக்கிறது. நீ தலையை நீருக்குள் விடும்போதெல்லாம் நானும் மூச்சை நிறுத்திவிட்டேன். உனக்கு மூச்சு நீளம், எனக்குத்தான் தலை சுற்றியது.

கடைசியில் ஒன்று நடந்தது. கரையைக் கழுவும் பெண் குழாயோடு வந்து என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்கு எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு புரியும், ஆகவே அவள் பக்கம் திரும்பினேன். 'நடக்க முடியாதவங்க ஒருத்தர் வந்திருக்காங்களாமே, அவங்க ஏறி வர்ற பக்கம் தண்ணி அடிக்காதன்னாங்க. யாருங்க அது?' என்றாள்.

பதில் சொல்லத் திரும்பினேன். நீ இல்லை.

நீர் முழுக்க நீலத் தொப்பிகள். எல்லாத் தலையும் ஒரே மாதிரி. தடுமாறுகிற ஒருத்தியைத் தேடினேன். மெதுவாகப் போகிற ஒருத்தியைத் தேடினேன். யாரும் தடுமாறவில்லை. ஓரத்தில் பார்த்தேன், கம்பியைப் பார்த்தேன், அடித்தளத்தைக்கூடப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. விசில் ஊதும் பெண் பாதி எழுந்துவிட்டாள். எல்லா நீலத் தொப்பியும் என்னைத் திரும்பிப் பார்த்தன. அவற்றில், குளத்தின் நடுவில், எல்லோரையும்போல நீந்திக்கொண்டிருந்த ஒன்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கையை உயர்த்தியது.

நோயாளியைத் தேடியிருக்கிறேன், அம்மா. அதனால்தான் நீ கிடைக்கவில்லை.

கண்ணை எடுத்தது என் பிழைதான். இனி யார் கேட்டாலும் திரும்ப மாட்டேன், மரியாதை இல்லாதவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இதை உன் கணவனிடம் இன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுத்தான். நீ சரி என்றால் சொல்கிறேன், நீயே சொல்கிறேன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கும்.

மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தேன். கரையைக் கழுவும் பெண் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள், பாவம். உன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் நீருக்குள் கையை நீட்டிக் காட்டினேன். அவள் என் விரல் காட்டிய திசையில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து, நான் உதட்டைப் பார்க்கும்படி நின்றுகொண்டு கேட்டாள்.

'எல்லாரும் நல்லாத்தானே நீந்துறாங்க. அதுல யாருங்க?'

மாமா